கதைக்குள் கேட்கும் பாட்டு

கதை எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், திரைப்பாட்டு, சினிமா வசனம், தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவற்றைக் கதைக்குள் கொண்டுவருவது குறித்தவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: என் சிறுகதையின் நாயகி பேருந்தில் ஊருக்குத் திரும்பும்போது ஒரு திரைப்பாட்டு ஒலிக்கிறது. அந்தப் பாட்டின் நான்கு வரிகளைக் கதையில் கொடுத்திருந்தேன். படித்த தோழிகள், "பாட்டு வந்த இடத்தில் கதை நின்றுவிட்டது" என்கிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டால் கல்லும் கரையும். என் கதைக்கு மட்டும் அது ஏன் உதவவில்லை?
– வாசகி, தென்காசி

பதில்: உங்கள் தோழிகள் சொன்னது சரியென்றே எனக்கும் படுகிறது. மெட்டும் குரலும் வாத்தியமும் சேர்ந்ததுதான் பாட்டு. அச்சில் ஏறும்போது அவை மூன்றும் உதிர்ந்து சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தப் பாட்டை அறிந்தவர் நான்காம் வரி முடிவதற்குள் தாமே மெட்டெடுத்துப் பாடிக்கொண்டு தம்முடைய கல்லூரி நாட்களுக்கோ அக்காவின் கல்யாணத்துக்கோ போய்விடுவார். அறியாதவருக்கு அது சுமாரான நான்கு வரிச் செய்யுள். ஆக இருவருமே உங்கள் நாயகியின் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போய்விடுகிறார்கள். இசையமைப்பாளரும் பாடகியும் உழைத்துச் சம்பாதித்த கண்ணீரைக் கதை தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளப் பார்க்கும்போது, வாசகர் அதை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்.

பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வரிகளை எடுத்துவிட்டு, அந்தப் பாட்டு அந்தப் பேருந்தில் எப்படிக் கேட்டது என்று எழுதிப் பாருங்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கிகளில் ஒன்று கரகரத்ததா? ஆயிரம் முறை ஓடித் தளர்ந்த நாடாவில் பாடகியின் குரல் இழுபட்டு ஆண் குரல்போல ஆயிற்றா? நடத்துநர் "கடையநல்லூர் எறங்கு" என்று சத்தம் போட்டு விசிலடித்ததில் எந்தச் சொல் காதில் விழாமல் போயிற்று? காதில் விழாத அந்த ஒரு சொல்லை உங்கள் நாயகி தவறான வேறொரு சொல்லால் மனத்துக்குள் நிரப்பிக்கொள்கிறாள் என்று வையுங்கள். அவள் போட்டுக்கொண்ட சொல் எந்தக் கவிஞருக்கும் சொந்தமில்லாதது. உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இன்றைய கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் நடிகர் பெயரும் சினிமா வசனமும் வருகின்றன. சங்க இலக்கியம் படைத்த மொழியில் இப்படி எழுதுவது இலக்கியத்தைத் தாழ்த்துவதாகாதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, சங்க இலக்கியத்தை நீங்களே குறிப்பிட்டுவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அகநானூற்றின் 70ஆம் பாட்டைத் தாங்கள் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடும். தலைவியின் காதலைப் பற்றி ஊரே வாய் ஓயாமல் அலர் தூற்றுகிறது. திருமணம் என்று உறுதியானவுடன் அந்தப் பேச்சு சட்டென்று அடங்கிவிடுகிறது. அந்த அடக்கத்தைச் சொல்ல மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் ஓர் உவமையைக் கையாளுகிறார். பாண்டியரின் பழமையான கோடி என்னும் கடல்துறையில், விழுதுகள் தொங்கும் ஓர் ஆலமரத்தடியில் இராமன் மறைபொருளை ஆராய்ந்தபோது, அம்மரத்துப் பறவைகளின் ஒலியை அடக்கினானாம். ஒலி அடங்கிய அந்த ஆலமரம்போல ஊர் அடங்கிற்று என்கிறார். கம்பர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நெய்தல் நிலத்து ஊர்வம்பைப் பாட வந்த புலவர், கேட்போர் எல்லாரும் அறிந்த ஒரு கதையைத் தம் பாட்டுக்குள் தயக்கமின்றி எடுத்து ஆண்டிருக்கிறார்.

புறநானூறு 378 இன்னும் துணிச்சலானது. சோழன் இளஞ்சேட்சென்னி அள்ளிக் கொடுத்த நகைகளைக் கண்டறியாத ஊன்பொதி பசுங்குடையாரின் சுற்றத்தார், விரலில் போடுவதைக் காதிலும் காதில் போடுவதை விரலிலும், இடுப்பில் கட்டுவதைக் கழுத்திலும் கழுத்தில் அணிவதை இடுப்பிலும் மாட்டிக்கொள்கிறார்கள். அரக்கன் கவர்ந்து சென்றபோது சீதை நிலத்தில் விட்ட அணிகலன்களை எடுத்துக் குரங்குகள் பூட்டிக்கொண்டதுபோல அது இருந்ததாகவும், அதைப் பார்த்துச் சிரித்து மாளவில்லை என்றும் புலவர் பாடுகிறார். சீதை கவரப்பட்ட துயரக் கட்டத்திலிருந்து தம் வறுமையைக் காட்டும் நகைச்சுவை ஒன்றை அவர் உருவி எடுத்துவிட்டார். இன்று ஓர் இளைஞர் ஒரு சோகப் படத்தின் உச்சக்கட்டக் காட்சியை வேடிக்கைக்கு எடுத்தாண்டால் நாம் முகம் சுளிக்கிறோம்.

எல்லாரும் அறிந்த கதையைத் தொடுவது தாழ்வு என்றால் அந்தத் தாழ்வு நம் மொழியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. ஆயினும் தங்கள் மனக்குறை முற்றிலும் தவறென்று நான் சொல்லமாட்டேன். கடுவன் மள்ளனாரின் உவமையிலிருந்து இராமன் பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள்: இரைந்துகொண்டிருந்த பறவைகள் ஒரே கணத்தில் ஓய்ந்துபோன ஆலமரம் அப்படியே நிற்கிறது. இராமனைக் கேள்விப்படாதவருக்கும் ஊர் அடங்கியது புரிகிறது. கேள்விப்பட்டவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. இன்றைய கதைகள் பலவற்றில் நடிகர் பெயரை எடுத்துவிட்டால் கீழே மரமும் இல்லை, பறவையும் இல்லை. குற்றம் சினிமாவுடையதா, எழுதியவருடையதா என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம்.

கேள்வி: திருவண்ணாமலைக்கு அருகில் ஒரு கிராமத்தில், 1980-களில் நடக்கும் நாவல் எழுதிவருகிறேன். காலத்தை உணர்த்துவதற்காக, ஆண்டுவாரியாக வெளியான படங்கள், பாட்டுகள் ஆகியவற்றின் பட்டியல் தயாரித்திருக்கிறேன். அத்தியாயத்துக்கு இரண்டு மூன்றாவது வரும்படி பார்த்துக்கொண்டால் போதுமா?
– வாசகர், செங்கம்

பதில்: பட்டியல் மிகவும் தேவை; ஆனால் அது உங்கள் மேசையில் இருக்கவேண்டியது, நாவலுக்குள் வரவேண்டியது அன்று. அது எதற்குத் தேவை என்பதை என் சொந்த அவமானம் ஒன்றிலிருந்தே சொல்கிறேன். நெருக்கடி நிலை வருவதற்கு முந்தைய ஆண்டில் நடப்பதாக நான் எழுதிய ஒரு கதையில், தேநீர்க்கடை வானொலியில் இளையராஜாவின் பாட்டு ஒலித்தது. கதை அச்சில் வந்த வாரமே ஒரு வாசகர் அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "1976-இல் அன்னக்கிளி, உங்கள் கடைக்காரருக்கு மட்டும் 1974-இலேயே எப்படிக் கிடைத்தது?" அன்றிலிருந்து ஆண்டுகளைச் சரிபார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

ஆனால் சரியான ஆண்டு என்பது எது என்பதில்தான் பட்டியல் உங்களை ஏமாற்றும். படம் சென்னையில் வெளியான ஆண்டு வேறு, உங்கள் கிராமத்துக்கு வந்த ஆண்டு வேறு. பெரிய நகரங்களில் ஓடி முடித்து, சிறு நகரங்களைச் சுற்றி, கோடு விழுந்த பிரதியாக டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்கு ஒரு படம் வந்து சேர்வதற்குள் மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூடக் கடந்துவிடும். மணலைக் கூட்டிக் குவித்து உட்கார்ந்து அதைப் பார்த்தவருக்கு அது புதுப்படம்தான். 1983-இல் வெளியான படத்தை 1983-இலேயே உங்கள் கிராமத்துச் சிறுவன் பார்த்துவிட்டதாக எழுதினால் பட்டியல்படி சரி, வாழ்க்கைப்படி தவறு. பல ஊர்களில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் எழுந்ததும், படம் தொடங்கப்போகிறது என்று வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் ஓடியவர்கள் உண்டு. எந்தப் படத்தின் பெயரையும் சொல்லாமல் அந்த ஓட்டத்தை எழுதினாலே காலம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படம் பிந்தி வந்ததுபோலவே பாட்டு முந்தி வந்தது. வானொலியிலும் தேநீர்க்கடையிலும் கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டுக்கு உரிய காட்சியை, ஊரார் ஓராண்டுக்குப் பிறகு திரையில் பார்த்து, "இதுக்குத்தானா?" என்று ஏமாந்ததும் உண்டு. பாட்டு மட்டுமா? கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் முழுப்படத்தின் வசனத்தையும் இசைத்தட்டில் போட்டு ஊருக்கே கேட்கவைத்தார்கள்; வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தது; கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். ஒரு படத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கக்கூடிய ஒருவர் அன்று ஊருக்கு ஊர் இருந்தார். உங்கள் நாவலில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? நாயகனின் முகத்தை அவர் எப்படிக் கற்பனை செய்துவைத்திருப்பார், பிறகு திரையில் பார்க்கும்போது அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் ஓர் அத்தியாயமே கிடைக்கும்.

தொலைக்காட்சிக்கும் இதுவே பொருந்தும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அதற்காக 1980-இல் உங்கள் கிராமத்தில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்தார்கள் என்று எழுதிவிட முடியாது. ஊரில் முதல் பெட்டி யார் வீட்டுக்கு வந்தது, யார் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள், யார் சன்னல் வழியாகப் பார்த்தார்கள் என்பது நிகழ்ச்சியின் பெயரைவிட முக்கியம். சாதியும் பணமும் அந்த வாசற்படியில்தான் தெரியும். 1987 ஜனவரி 25-இல் தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தியில். மொழி தெரியாத பாட்டி கதை தெரிந்தவராதலால் எல்லாருக்கும் முந்திக்கொண்டு அழுவார். இந்தி படித்த பேரன் மொழிபெயர்த்துக்கொண்டே பின்தங்கிப் போவான். அதே ஆண்டு டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். அந்த நாளை உங்கள் நாவல் தாண்டிப்போக முடியாது. 1980-களின் தமிழ்நாட்டுக் கிராமத்தில் அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். ஆனால் செய்தித்தாளின் தலைப்பை எடுத்து ஒட்டாமல், மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற மகனைப் பார்த்து, "நான் செத்தா போடவேண்டியதைக் கொடுத்துட்டு வந்துட்டியா?" என்று அப்பா கேட்பதாக எழுதினால், தேதியே தேவைப்படாது.

கேள்வி: அப்போது கோலி சோடா, இப்போது கோக் என்று எழுதலாமா? நிறுவனப் பெயர்கள் கதையில் வந்தால் விளம்பரம்போல் ஆகிவிடுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: மக்கள் சொல்வதைச் சொல்லுங்கள், 'குளிர்பானம்' என்று யாரும் கேட்டு வாங்கிக் குடிப்பதில்லை. ஆனால் 1985-இல் மதுரைப் பேருந்து நிலையத்தில் ஒருவருக்குக் கோக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1977-இல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993-இல்தான் திரும்பி வந்தது. நடுவில் வளர்ந்த ஒரு தலைமுறை கோல்ட் ஸ்பாட் குடித்தது. நீங்கள் விருதுநகர்க்காரர். 1916-இல் உங்கள் ஊரில் தொடங்கிய காளி மார்க்கின் பொவன்டோ இருக்கும்போது வேறெதற்குப் போகிறீர்கள்? விருந்தாளிக்கு வாங்கிவந்த பாட்டிலில் மீதியிருக்குமா என்று குழந்தைகள் காத்துநிற்பதை எழுதினால் அது விளம்பரம் ஆகாது.

கேள்வி: என் நாவலின் இறுதிக்கட்டத்தில் நாயகி ஒரு பழைய திரைப்பாட்டின் இரண்டு வரிகளைப் பாடுகிறாள். பதிப்பாளர் அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியிட முடியாது என்கிறார். இரண்டு வரிக்குக்கூடவா அனுமதி?
– வாசகி, சென்னை

பதில்: நான் வழக்குரைஞன் அல்லன்; எழுதுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடல் வரிகள் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகின்றன. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள் வரையிலும் அந்த உரிமை நீடிக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981-இல். ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. நா. முத்துக்குமார் 2016-இல் மறைந்தார். அவருடையவற்றுக்கு 2076 முடியும்வரை. அந்த உரிமை கவிஞரின் குடும்பத்திடம் இருக்கிறதா, படத் தயாரிப்பாளரிடமா, இசை நிறுவனத்திடமா என்பது ஒவ்வொரு பாட்டுக்கும் வேறுபடுவதால், யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. இரண்டு வரிவரை பரவாயில்லை, நான்கு வரிவரை பரவாயில்லை என்று நம்மிடையே உலவும் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. நியாயமான பயன்பாடு என்று சட்டம் எடுத்துச்சொல்லும் ஆய்வு, தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றில் கதையின் பெயர் இல்லை. உங்கள் பதிப்பாளரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு.

பாரதியாரின் பாட்டென்றால் இந்தக் கவலை இல்லை. 1949-இல் அரசு உரிமையைப் பெற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கிவிட்டது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளையும் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அவர் 1959-இல் மறைந்ததால் அறுபது ஆண்டுக் கணக்கும் 2019-உடன் முடிந்துவிட்டது. மற்றபடி படத்தின் பெயரையோ பாடியவர் பெயரையோ குறிப்பிடுவதற்குத் தடை இல்லை. ஒரு படைப்பின் தலைப்புக்கு மட்டும் தனியே பதிப்புரிமை கிடையாது என்று ஓர் இந்திப் படத் தலைப்பு தொடர்பான வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறேன்: உங்கள் நாயகி அந்த இரண்டு வரிகளை முழுவதுமாகத்தான் பாடவேண்டுமா? நாவலின் இறுதிக்கட்டத்தில் இருப்பவள், முதல் வரியின் பாதியில் குரல் கம்மி நிறுத்திவிடக் கூடாதா?

கேள்வி: என் வயதுக்காரர்கள் பேசுவதில் பாதி வடிவேலு வசனமும் மீமும்தான். அப்படியே எழுதினால்தான் உண்மையாக இருக்கிறது. ஆனால் பத்து வருடம் கழித்து யாருக்கும் புரியாது என்று பேராசிரியர் பயமுறுத்துகிறார்.
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: பேராசிரியர் சொல்வது பாதி சரி. 2019 மே மாத இறுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கட்டடப் பொறியியல் தொடர்பான ஒரு முகநூல் பக்கத்தில், சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் விளையாட்டாக, இது தலையில் விழுந்து காண்டிராக்டர் நேசமணி அடிபட்ட கதையைச் சொல்ல, அவர் உடல்நலம் தேறவேண்டும் என்று உலகம் முழுக்கத் தமிழர்கள் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார்கள். தில்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்ற அதே நாட்களில், இல்லாத ஒரு மனிதரின் மண்டைக்காயம் அதற்குச் சமமாகப் பேசப்பட்டது. அந்தப் பாத்திரத்தை வடிவேலு ஏற்று நடித்த படம் வெளிவந்தது 2001-இல். பிரார்த்தனை செய்தவர்களில் எத்தனையோ பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது உயிரோடிருந்ததற்குக் காரணம், தலையில் சுத்தியல் விழுவதும் அதற்குக் காரணமானவன் அருகிலேயே விழித்துக்கொண்டு நிற்பதும் எந்தக் காலத்திலும் புரியக்கூடியவை என்பதுதான். மேலே கும்பகோணத்து ஐயாவுக்குச் சொன்ன ஆலமரம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் மூன்று வாரம் ஓடிய ஒரு மீமுக்கு அத்தகைய ஆயுள் இருக்குமா என்பதை உங்களால் இப்போது சொல்லமுடியாது, என்னாலும் முடியாது. அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் பாத்திரங்கள் வசனத்தைச் சொல்லட்டும், ஆனால் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதாதீர்கள். நான்கு நண்பர்களில் மூவர் சிரிக்க, ஒருவன் மட்டும், அந்தப் படத்தை அப்பாவோடு பார்த்தவன் என்பதால், சிரிக்காமல் இருக்கட்டும். அல்லது அப்பாவைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில், வாய்ப்பழக்கத்தால் அவனே அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத் திகைத்துப் போகட்டும். அப்போது வசனம் புரியாத வாசகருக்கும் அங்கே என்ன நடந்தது என்பது புரியும்.

உங்கள் வயதினர் பேசுவதில் பாதி வசனம் என்கிறீர்களே, மீதிப் பாதியை எதற்காக வசனத்தின் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள் என்பதையும் கவனித்துப் பாருங்கள். காதலைச் சொல்லக் கூச்சப்படுகிறவனும் கடன் கேட்கக் கூச்சப்படுகிறவனும்தான் வசனத்தை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: எமது கதைகளில் இலங்கை வானொலியும் பொப் பாட்டுகளும் இயல்பாக வரும். தமிழ்நாட்டு இதழ்களுக்கு அனுப்பினால் அடிக்குறிப்புப் போடும்படி கேட்கிறார்கள். உங்கள் திரைப்படங்களுக்கு நாங்கள் ஒருபோதும் அடிக்குறிப்புக் கேட்டதில்லையே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நியாயமான கோபம். சென்னைத் திரைப்படம் யாழ்ப்பாணத்தில் புரியும் என்று எடுத்துக்கொள்கிற நாங்கள், யாழ்ப்பாணத்துப் பாட்டு சென்னையில் புரியவேண்டியதில்லை என்றும் எடுத்துக்கொள்கிறோம். இத்தனைக்கும் தென் மாவட்டங்களிலும் கடற்கரை ஊர்களிலும் வளர்ந்த என் தலைமுறையினருக்கு எங்கள் சினிமாப் பாட்டுகளையே அதிகம் கேட்கவைத்தது உங்கள் இலங்கை வானொலிதான். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பின்னர் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சு, பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' என்று எங்கள் நாளின் நேரங்களையே அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டு, நல்ல தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிய சிறுவர்களில் நானும் ஒருவன். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எங்கள் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் ஒலித்தது. அது எந்த ஊர்ப் பாட்டு என்று எங்களில் பலர் கேட்டுக்கொண்டதே இல்லை.

எனவே அடிக்குறிப்பு வேண்டாம் என்பது என் கட்சி. கதையின் நடுவே ஓர் எண்ணைப் போட்டு வாசகரைப் பக்கத்தின் அடிக்கு அனுப்பினால், அவர் திரும்பி வரும்போது கதையின் சூடு ஆறியிருக்கும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' உங்கள் கதையில் வருமானால், அது துள்ளலான கேலிப் பாட்டு என்பதை, அதற்கு ஆடுகிறவர்களின் காலும் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமியும் தெரிவித்துவிடுவார்கள். வாசகருக்குப் பாட்டின் வரலாறு தெரியாமல் போகலாம். அந்தக் கூடத்தில் யார் யாரைச் சீண்டுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும். புலம்பெயர்ந்த நகரங்களில் நடக்கும் கதை என்றால் ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: டொரண்டோவில் பிறந்த மகளுக்கு அந்தப் பாட்டு அப்பாவின் பாட்டு, அவளுடையது அன்று. கூடத்தில் அதே பாட்டை இருவரும் கேட்கும்போது, அவளுக்குப் புரியாததை வாசகருக்கும் புரியாததாகவே விட்டுவைத்தால் அதில் ஒரு நேர்மை இருக்கும்.

கேள்வி: பிரபல நடிகர் ஒருவரை என் நாவலில் பாத்திரமாகக் கொண்டுவரலாமா, அல்லது கற்பனைப் பெயர் வைப்பது நல்லதா?
– வாசகர், சேலம்

பதில்: சாலையில் அவருடைய சுவரொட்டி இருந்தது, அவர் படம் ஓடியது என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. அவரைப் பேசவைத்து, செய்யாததைச் செய்ததாகவும் சொல்லாததைச் சொன்னதாகவும் எழுதும்போதுதான் அவதூறு என்ற கேள்வி எழுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அதைப் பற்றியது. இறந்தவர்மீது பழி சுமத்துவதும், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், அதில் அடங்கக்கூடும். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படும் தொல்லை வேறு. நிஜ நடிகருக்கு வாசகர் மனத்தில் ஏற்கெனவே ஒரு முகமும் நடையும் குரலும் இருக்கின்றன. அவற்றோடு உங்கள் எழுத்து போட்டியிட்டு வெல்லாது. ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வில் நடிகர் யார் என்று பெயர் சொல்லப்படாமலே அன்றைய வாசகர்களுக்கு விளங்கிற்று. கதையின் வெளிச்சம் நடிகர்மேல் விழாமல், அவர் படத்தைப் பார்த்து மயங்கிய பெண்ணின்மேல் விழுந்தது.

ஆகவே கற்பனை நடிகரே நல்லது என்பேன்; ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அவருக்கு ரசிகர் மன்றம் வேண்டும், அந்த மன்றத்துக்குள் இரண்டு கோஷ்டி வேண்டும், அவர் படத் தலைப்புகள் அந்தந்தக் காலத்துத் தலைப்புகள்போல ஒலிக்கவேண்டும். 1950-களில் தாயும் தர்மமும் இல்லாமல் அவருக்குப் படமே அமைந்திருக்காது. எந்தப் படம் எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் ஓடிற்று என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முப்பதாம் பக்கத்தில் இரண்டே வாரத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பிய படத்துக்கு இருநூறாம் பக்கத்தில் வெள்ளிவிழா எடுத்துவிட்டீர்களானால், சேலத்திலிருந்தே ஒருவர் உங்களுக்கு அஞ்சலட்டை போடுவார்.